கார் கியர் எண்ணெய்: ‘ஆயுள் முழுக்க’ என்பதை நம்பி இருக்கலாமா?

தீபாவளிக்கு ஊருக்குப் புறப்படும் முன் பலரும் காரைப் பட்டறைக்குக் கொண்டு போகிறோம். என்ஜின் எண்ணெய், பிரேக், டயர், ஏர்கோன் எல்லாம் பார்க்கப்படும். ஆட்டோ கியர்பாக்ஸில் இருக்கும் எண்ணெயைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. கியர் மாறும்போது கார் குலுங்கத் தொடங்கினால்தான் அந்த நினைப்பே வரும். அதற்குள், சில நூறு ரிங்கிட்டில் முடிந்திருக்க வேண்டிய வேலை பல ஆயிரம் ரிங்கிட் செலவாகிவிடலாம்.

இந்த எண்ணெய் என்ன செய்கிறது?

மேனுவல் காரில் கிளட்சை அழுத்துவது நமது கால். ஆட்டோ காரில் அந்த வேலையைச் செய்வது எண்ணெயின் அழுத்தம். என்ஜினின் சுழற்சியை கியர்பாக்ஸுக்குக் கடத்துவதும், உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகளை இறுக்கிப் பிடிப்பதும், சூட்டைத் தணிப்பதும், பற்சக்கரங்கள் தேயாமல் காப்பதும் இதே எண்ணெய்தான்.

என்ஜின் எண்ணெயைப் போல இது எரிந்து குறைவதில்லை. அளவு குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். ஆனால் அளவு குறையாமலேயே தரம் கெடும். சூடு ஏற ஏற எண்ணெயின் தன்மை மாறும். கிளட்ச் தட்டுகளின் தூள் அதில் கலக்கும். மெல்லிய வால்வுகளில் அழுக்கு சேரும். கியர் மாறத் தாமதமாகும், கிளட்ச் வழுக்கும். வழுக்கினால் சூடு இன்னும் கூடும். அந்தச் சூடு எண்ணெயை மேலும் கெடுக்கும்.

‘ஆயுள் முழுக்க’ யாருடைய ஆயுள்?

சில கார்களின் கையேட்டில் கியர் எண்ணெயை மாற்றவே தேவையில்லை என்று இருக்கும். ஆனால் பல ஐரோப்பியக் கார்களுக்கு கியர்பாக்ஸ் செய்து தரும் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனமே, ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள், அல்லது அதிகபட்சம் 8 ஆண்டுகளில் எண்ணெயை மாற்றச் சொல்கிறது. நம்மில் பலர் 9 ஆண்டுக் கடனில் கார் வாங்குகிறோம். கடன் முடிவதற்குள் எண்ணெயின் காலம் முடிந்துவிடுகிறது!

கையேட்டில் சாதாரணப் பயன்பாட்டுக்கு ஒரு கணக்கும், கடினமான பயன்பாட்டுக்கு அதைவிடக் குறைந்த ஒரு கணக்கும் இருக்கலாம். நெரிசல், மலைச்சாலை, அதிகச் சுமை, வெப்பமான சூழல் ஆகியவை கடினமான பயன்பாட்டில் சேரும். காலையில் கூட்டரசு நெடுஞ்சாலையில் ஊர்ந்து, விடுமுறைக்குக் குடும்பத்தோடு கெந்திங் மலைக்கோ கேமரன் மலைக்கோ ஏறும் கார் எந்தக் கணக்கில் வரும் என்று நீங்களே பாருங்கள்.

கிலோமீட்டர் எண் மட்டும் உண்மையைச் சொல்லாது. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் 10,000 கிலோமீட்டர் ஓட ஏறத்தாழ 110 மணி நேரம் ஆகும். நெரிசலில் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் அதே தூரத்துக்கு 500 மணி நேரம். மீட்டரில் எண் ஒன்றுதான். கியர்பாக்ஸ் பட்ட பாடு ஒன்றல்ல. எனவே நகரத்தில் ஓடும் காருக்கு, கையேடு வேறு சொல்லாவிட்டால், 40,000 முதல் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது பாதுகாப்பான கணக்கு.

அறிகுறிகள்

‘டி’யில் போட்ட பிறகு கார் நகரத் தாமதமாவது, கியர் மாறும்போது இடிப்பது, என்ஜின் சுற்று ஏறியும் வேகம் ஏறாமலிருப்பது ஆகியவை எச்சரிக்கைகள். எண்ணெய் கரும்பழுப்பாகி, கருகிய வாடை வந்தாலும் கவனிக்க வேண்டும். எண்ணெய் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் ரேடியேட்டர் நீர் உள்ளே கலந்திருக்கலாம். அந்தக் காரை மேற்கொண்டு ஓட்டாதீர்கள்.

இதுவரை மாற்றவே இல்லையா?

“150,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது, இனி தொடாதே, மாற்றினால் கியர்பாக்ஸ் போய்விடும்” என்று சிலர் பயமுறுத்துவார்கள். புது எண்ணெய் நல்ல கியர்பாக்ஸைக் கெடுக்காது. ஏற்கெனவே கிளட்ச் தேய்ந்து வழுக்கத் தொடங்கிய பிறகு எண்ணெயை மாற்றுகிறார்கள். சில நாளில் அது நின்றுவிடுகிறது. பழி புது எண்ணெய்மேல் விழுகிறது.

கியர் இன்னும் சீராக மாறுகிறது என்றால் மாற்றலாம். ஆனால் இயந்திரத்தால் அழுத்தம் கொடுத்துக் கழுவும் முறை வேண்டாம். பல ஆண்டு அழுக்கு கிளம்பி வால்வுகளை அடைக்கக்கூடும். கீழே வடித்து, வடிந்த அளவுக்கு ஊற்றுவதே போதும். ஒருமுறை வடித்தால் பல கார்களில் பாதி எண்ணெய்கூட வெளிவராது. மீதி உள்ளேயே தங்கும். சில ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டி, இன்னும் ஓரிரு முறை அதே மாதிரி செய்தால் படிப்படியாகப் புது எண்ணெய் ஆகிவிடும். ஏற்கெனவே வழுக்கும் கார் என்றால், கியர்பாக்ஸ் பட்டறையில் சோதித்த பிறகே முடிவெடுங்கள்.

எந்த எண்ணெய்?

இங்குதான் அதிகம் தவறு நடக்கிறது. சிவிடி கியர்பாக்ஸுக்கு அதற்கென்றே உள்ள எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். சாதாரண ஆட்டோ எண்ணெயை ஊற்றினால் உள்ளே இருக்கும் பெல்ட் வழுக்கித் தேயும். காரின் பெயரை மட்டும் சொல்லி எண்ணெய் வாங்காதீர்கள். 2021 நவம்பருக்கு முன் வந்த மைவியில் 4 கியர் ஆட்டோ. அதன் பிறகு வந்ததில் சிவிடி. சாகாவில் நேர்மாறு: முன்பு சிவிடி, 2019இல் 4 கியர் ஆட்டோவுக்கு மாறியது. பெயர் ஒன்று, எண்ணெய் வேறு. கையேட்டில் உள்ள எண்ணெய் வகையைக் கைப்பேசியில் படம் பிடித்துப் பட்டறையில் காட்டுங்கள்.

பட்டறையில் கவனிக்க வேண்டியவை

• எண்ணெய் வகையையும் எத்தனை லிட்டர் என்பதையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள்.

• வடிகட்டி, கேஸ்கெட் மாற்றப்படுமா என்று முதலிலேயே கேளுங்கள்.

• அடித்தட்டில் உள்ள காந்தத்தைக் காட்டச் சொல்லுங்கள். சாம்பல் நிறப் பசை சகஜம். உலோகத் துண்டு இருந்தால் உள்ளே தேய்மானம் அதிகம்.

• அளவுகோல் இல்லாத கியர்பாக்ஸில், எண்ணெய் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போதுதான் அளவைப் பார்க்க முடியும். அதற்கான கருவி உள்ள பட்டறையைத் தேர்ந்தெடுங்கள்.

பழைய கார் வாங்கினால், கியர் எண்ணெய் மாற்றியதற்கான ரசீதைக் கேளுங்கள். ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, அந்தச் செலவையும் விலைபேசும்போது கணக்கில் சேருங்கள். நெடும்பயணத்துக்கு முதல் நாள் இந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு வாரம் முன்பே செய்தால், கசிவு ஏதும் இருந்தாலும் ஊரிலேயே தெரிந்துவிடும்.