ஆவணத் தரவுத்தளத்தில் அணிக்கு உறுப்புச் சேர்த்தல்: ஒரு விளக்கம்

1970 இல் எட்கார் கொட் தொடர்புநிலைத் தரவுமாதிரியை முன்வைத்தபோது, ஒரு புலத்தில் மேலும் பகுக்கப்படாத ஒரு பெறுமானமே இருத்தல் வேண்டும் என்பது அதன் அடிப்படை விதிகளுள் ஒன்றாயிற்று. அவ்வமைப்பில் ஒரு குடும்பத்தின் அங்கத்தவர்களைக் குறிக்கத் தனி அட்டவணை வேண்டும். 2009 இல் வெளிவந்த மொங்கோ டீபீ போன்ற ஆவணத் தரவுத்தளங்கள், குடும்பப் பதிவினுள்ளேயே அங்கத்தவரை ஓர் அணியாக வைத்துக்கொள்ள இடந்தருகின்றன. அவ்வணியில் உறுப்பொன்றைச் சேர்ப்பது எளிய செயலாகத் தோன்றினும், சேர்க்கும் முறையிலேயே தரவின் நம்பகம் தங்கியுள்ளது என்பதனை நாம் ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

நிவாரண அலுவலகமொன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு குடும்பத்தின் பதிவில் எழுதுவினைஞர் ஒருவர் புதிதாய்ப் பிறந்த குழந்தையைச் சேர்க்கின்றார். அதே வேளையில் இன்னொருவர் முதிய தாயைச் சேர்க்கின்றார். நிரலானது பதிவு முழுவதையும் வாசித்து, அணியின் ஈற்றில் ஒரு பெயரை இணைத்து, முழுப் பதிவையும் மீள எழுதுவதாயின், இருவரும் பழைய பதிவையே வாசித்திருப்பர். பிந்தி எழுதப்பட்டது முந்தி எழுதப்பட்டதை அழித்துவிடும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது; ஆயினும் ஒருவருடைய உணவுப்பங்கு இல்லாதொழியும்.

இதற்குப் பரிகாரமாக அமைவது 'புஷ்' என்னும் கட்டளை. இது சேர்க்கவேண்டிய உறுப்பை மட்டும் தரவுத்தளத்திடம் ஒப்படைக்கின்றது. ஓர் ஆவணத்தின்மீது செய்யப்படும் மாற்றம் முழுமையாக நிகழும். அன்றேல் நிகழவே மாட்டாது. ஒரே ஆவணத்துக்கான இரு மாற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாகவே நிறைவேறும். எனவே இரு பெயர்களும் நிலைபெறும். அணி முன்னர் இல்லாவிடின் இக்கட்டளையே அதனை உருவாக்கும்.

எனினும், மறுமொழி கிடையாமையால் நிரல் அதே கட்டளையை மீண்டும் விடுக்குமாயின் ஒரு பெயர் இருமுறை ஏறக்கூடும். இதனைத் தவிர்ப்பது 'அட்-டு-செற்' என்னும் கட்டளை. உறுப்பு ஏற்கெனவே இருப்பின் அது மீண்டும் சேர்க்காது. ஆனால் உறுப்பானது பல புலங்களைக் கொண்டதாயின், அப்புலங்கள் தம் ஒழுங்கு உட்பட முற்றும் ஒத்திருந்தாலன்றி, அது வேறோர் உறுப்பாகவே கொள்ளப்படும். ஆகவே அணியில் பதிவிலக்கத்தை மட்டும் வைத்தல் நன்று.

மேலும், மொங்கோ டீபீயில் ஓர் ஆவணம் 16 மெகாபைற்றை விஞ்சலாகாது. குடும்ப அங்கத்தவர் தொகை வரையறைக்குட்பட்டது; நாள்தோறும் பெருகும் விநியோகக் குறிப்புகள் அத்தகையன அல்ல. அவற்றைத் தனித் தொகுதியில் வைப்பதே தகும். இவ்விடத்தில் கொட்டின் சிந்தனை இன்றும் பயன்தருவதை நாம் காணலாம்.

பட்டியலிற் பெயரிருப்பதே உரிமைக்குச் சான்றாகக் கொள்ளப்படும் இக்காலத்தில், எக்கட்டளையைத் தெரிவது என்பது நிரலாளரின் வசதி சார்ந்த வினா மட்டுமன்று. அது மக்களின் பங்கு சார்ந்த வினாவுமாகும்.