கைத்தொலைபேசி விளையாட்டும் நகர் காணலும்

ஏட்டிலே கற்றதைக் காலால் நடந்து கண்டு தெளிவதும் கல்வியேயாகும். 1344ஆம் ஆண்டில் மொறோக்கோ நாட்டு யாத்திரிகராகிய இபுன் பத்தூத்தா இலங்கைக் கரையில் வந்திறங்கினார். அவர் 'பத்தாலா' எனக் குறித்த துறை நமது புத்தளமே என்பர் ஆராய்ச்சியாளர். ஆங்கு யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தியைக் கண்டு, அவரது உதவியுடன் சிவனொளிபாத மலைக்குச் சென்று, மீளும் வழியிற் கொழும்பையும் பார்த்து, கண்டவற்றை நூலில் இடம்பெறச் செய்தார். ஒரு நகரைக் காண்பது எவ்வாறு என்பதற்கு அவரது பயணம் நல்ல எடுத்துக்காட்டு.

இந்நாளில் நம் கரையிலிருந்து மேற்படிப்பின் பொருட்டும் தொழிலின் பொருட்டும் கொழும்பு செல்லும் இளைஞர் பலர். அவருட் பெரும்பாலார் அறிந்த கொழும்பு எது? புகைவண்டி நிலையம், பஸ் நிலையம், தங்கும் விடுதி, வகுப்பறை அல்லது அலுவலகம் என்னும் நான்கு புள்ளிகளே. நான்கைந்து ஆண்டுகள் ஆங்கு வாழ்ந்தும் அடுத்த தெருவை அறியாதவர் உளர். இந்நிலையில், விளையாட்டொன்றின் பெயரால் மாந்தரை வீட்டினின்றும் வெளியேற்றித் தெருத்தெருவாக நடக்கவைத்த புதுமையொன்று நம் காலத்தில் நிகழ்ந்துள்ளது. இடத்தை அடிப்படையாகக் கொண்ட கைத்தொலைபேசி விளையாட்டே அது. அதன் வரலாறு, இயங்கும் முறை, நன்மை தீமை என்பவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

தோற்றமும் வளர்ச்சியும்

அமெரிக்க அரசு தனது செய்மதிகளின் இடங்காட்டும் குறிப்பைப் பொதுமக்களுக்கு வேண்டுமென்றே பிழைபடுத்தி வழங்கிவந்தது. 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அத்தடை நீக்கப்பட்டது. நீங்கிய ஓரிரு நாட்களுள், ஒறிகன் மாநிலத்தில் ஒருவர் காட்டோரமாக ஒரு வாளியில் சிறு பொருள்களை ஒளித்துவைத்து, அவ்விடத்தின் அகலாங்கு நெட்டாங்குகளை மட்டும் வெளியிட்டார். பிறர் தேடிக் கண்டனர். 'ஜியோகாஷிங்' எனப்படும் புதையல் தேடும் ஆட்டம் இவ்வாறு பிறந்தது.

அடுத்த படியை இட்டவர் ஜோன் ஹாங்கி என்பவர். இவர் நிறுவிய கீஹோல் என்னும் கம்பனியைக் கூகிள் 2004இல் வாங்கியது. அதன் படைப்பே பின்னர் 'கூகிள் ஏர்த்' ஆயிற்று. இவர் 2010இற் கூகிளினுள்ளேயே நயாண்டிக் என்னும் பிரிவைத் தொடங்கினார். 1849இற் பொன் தேடுவோரை ஏற்றிச் சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்து, கரையில் நிறுத்தப்பட்டுப் பண்டசாலையாகி, ஈற்றில் நகரின் அடியிலே புதைந்துபோன ஒரு கப்பலின் பெயரே நயாண்டிக். நடப்பவர் காலடியில் வரலாறு மறைந்து கிடக்கின்றது என்பதை உணர்த்தப் பொருத்தமான பெயர்தான். இப்பிரிவு 2012இல் 'இன்கிரெஸ்' என்னும் ஆட்டத்தை வெளியிட்டது. 2015இற் கூகிளினின்று பிரிந்து தனி நிறுவனமாயிற்று. 2016 ஜூலையில் 'போக்கிமொன் கோ' என்னும் ஆட்டத்தை உலகுக்கு அளித்தது. இலங்கை, இந்தியா முதலிய தென்னாசிய நாடுகளில் அது 2016 டிசம்பரில் முறைப்படி வெளியாயிற்று.

போக்கிமொன் என்பது 1996இல் ஜப்பானில் தோன்றிய விளையாட்டு. அதனைப் படைத்த சதோஷி தஜிரி, இளமையிற் பூச்சிகளைத் தேடிப் பிடிப்பதில் ஆர்வம் மிக்கவர். தோக்கியோ நகரம் விரிந்து வயலும் குளமும் மறைய, நகரத்துப் பிள்ளைகளுக்கும் அவ்வின்பம் கிட்டவேண்டும் என்று எண்ணியே கற்பனை உயிர்களைப் பிடிக்கும் ஆட்டத்தை அமைத்தார். தும்பி பிடித்து வளர்ந்த நம்மவர்க்கு இந்த ஆர்வத்தை விளக்கவேண்டியதில்லை.

இயங்கும் முறை

இவ்வாட்டத்துக்கு ஆதாரம் இரண்டு: ஒன்று இடமறிதல், மற்றொன்று தேசப்படம்.

நமது கரையின் மீனவர் கோயிற் கோபுரத்தையும் உயர்ந்த பனையையும் ஒன்றோடொன்று நேர்வைத்துக் கடலில் தாம் நிற்கும் இடத்தை உணர்வர். செய்மதி முறையும் ஏறத்தாழ அத்தகையதே. நிலத்திலிருந்து ஏறக்குறைய 20,200 கிலோமீற்றர் உயரத்தில் இருபத்துநான்குக்கு மேற்பட்ட செய்மதிகள் சுற்றிவருகின்றன. ஒவ்வொன்றும் அணுக்கடிகாரம் காட்டும் நேரத்தை இடையறாது ஒலிபரப்புகின்றது. அக்குறிப்பு வந்துசேர எடுத்த நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணிக்கின்றது கைத்தொலைபேசி. நான்கு செய்மதிகளின் தூரம் தெரிந்தால் நிற்கும் இடம் தெரிந்துவிடும். நேரத்தில் ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தால் இடத்தில் 300 மீற்றர் பிழைக்கும். ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கைப்படி செய்மதியின் கடிகாரம் நாளொன்றுக்கு அத்தகைய 38 பங்குகள் முந்துகின்றது. அதனைத் திருத்தாதுவிடின் ஒரே நாளிற் பிழை 10 கிலோமீற்றரைக் கடக்கும். விஞ்ஞான வகுப்பிலே 'இதனால் யாது பயன்?' என்று வினவும் மாணவனுக்கு இதனிலும் நல்ல விடையில்லை. இனி, உயர்ந்த கட்டடங்கள் நெருங்கிய தெருவிலே செய்மதிக் குறிப்பு சுவரிற் பட்டுத் தெறித்து வரும். ஆதலின் ஆடுபவன் அசையாது நின்றாலும் திரையிலுள்ள உருவம் அங்குமிங்கும் தாவும்.

திரையில் தோன்றுவது உண்மையான தெருக்களின் படமே. அப்படத்திற் சில இடங்கள் 'போக்கிஸ்டொப்' எனப்படும் தரிப்பிடங்களாகக் குறிக்கப்பட்டிருக்கும். அவை நினைவுச் சின்னம், பழைய கட்டடம், வழிபாட்டிடம், பூங்கா, சுவரோவியம் போன்றவை. இடத்தின் பெயரும் ஒளிப்படமும் அதிலே காணப்படும். வீட்டில் இருந்துகொண்டு அவற்றை எட்டமுடியாது, அண்மிக்கவேண்டும். தொடக்கத்தில் 40 மீற்றராக இருந்த எல்லை, 2020ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க் காலத்தில் 80 மீற்றராக விரிக்கப்பட்டது. பின்னர் குறைக்க முயன்றபோது ஆடுவோர் மறுத்தெழவே அவ்வாறே நிலைபெற்றது. முட்டைகள் பொரிப்பதற்கு 2, 5, 10 கிலோமீற்றர் என நடக்கவேண்டும். வண்டியில் விரைந்தால் அத்தூரம் கணக்கிற் சேராது.

கொழும்பில் ஓர் உலா

இவ்வகை ஆட்டங்கள் நாடும் இலக்கணம் பொருந்திய இடங்களைக் கொழும்பிலே தேடிப் புறப்பட்ட ஒருவன் காணக்கூடியவை யாவை? கோட்டைப் புகைவண்டி நிலையத்தின் முன்னே ஒல்கொட் துரையின் சிலை நிற்கின்றது. கோட்டையினுள்ளே 1857இல் எழுந்த மணிக்கூட்டுக் கோபுரம் உண்டு. தேசாதிபதி வார்ட் அவர்களின் துணைவியார் வரைந்த அமைப்பு அது. நேரங்காட்டுவதோடு கலங்கரை விளக்காகவும் அது 1952 வரை பணிபுரிந்தது. புறக்கோட்டை வாயிலில் நிற்கும் மற்றொரு மணிக்கூட்டுக் கோபுரம் பம்பாயிலிருந்து வந்த கான் என்னும் பார்சிக் குடும்பத்தார் 1923இல் எழுப்பியது. அதற்கப்பால், இரண்டாம் குறுக்குத் தெருவிலே செங்கல் வரிகளுடன் விளங்கும் 1909ஆம் ஆண்டின் ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசல். மேட்டிலே, 1757இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட ஒல்லாந்தரின் வுல்வெண்டால் தேவாலயம். செட்டியார் தெருவிலே நகரத்தார் போற்றிய கதிரேசன் கோயில்கள். கொச்சிக்கடையிலே, பொன்னம்பல முதலியார் எடுப்பித்து, அவர்தம் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கற்றளியாக்கிய பொன்னம்பலவாணேசுவரர் கோயில்.

இரண்டு மூன்று கிலோமீற்றர் நடையில் நான்கு சமயங்களும் மூன்று ஐரோப்பிய ஆட்சிகளும் பம்பாய்ப் பார்சியரும் எதிர்ப்படுகின்றனர். கற்பனை உயிரைத் தேடிச் செல்லும் இளைஞன் இவற்றின் முன் நின்றே ஆகவேண்டும். நின்றவன் நிமிர்ந்து பார்ப்பானாயின் ஆட்டம் கல்வியாகும். திரையைத் தடவிவிட்டு நகர்வானாயின் அவன் கொழும்புக்கு வந்தும் வாராதவனே. விளையாட்டு அவனை வாயில்வரை கொண்டுசெல்லுமேயன்றி உள்ளே அழைத்துச் செல்லாது.

நன்மையும் தீமையும்

இவ்வாட்டத்தால் உடலுக்கு நன்மை உண்டா? 2016இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகை வெளியிட்ட ஆராய்ச்சியொன்று இதனை அளந்து கூறிற்று. அமெரிக்க இளைஞரிடையே முதல் வாரத்தில் நாளொன்றுக்குச் சராசரியாக 955 அடிகள் கூடின. ஆறாம் வாரத்தில் அவ்வேறுபாடு இல்லாதொழிந்தது. புதுமை தீர்ந்தவுடன் காலும் ஓய்ந்தது. ஆகவே நடக்கும் வழக்கத்தை ஊட்டுதல் வேறு, நடக்கத் தூண்டுதல் வேறு என்று அறிதல் வேண்டும்.

தீமைகளுள் முதலாவது வீதி விபத்து. திரையிற் கண்ணூன்றி வாகன நெரிசலிடையே செல்பவன் தனக்கும் பிறர்க்கும் கேடு சூழ்பவன். இரண்டாவது, இடத்தின் தகுதி அறியாமை. ஹிரோஷிமா அமைதிப் பூங்காவும் வாஷிங்டனிலுள்ள யூதப் படுகொலை நினைவகமும் தம்மிடத்தில் இவ்வாட்டம் வேண்டாமென 2016இல் வேண்டிக்கொண்டன. அவ்வாண்டு செப்டெம்பரில், கோயில்களில் முட்டை தோன்றுவது சைவ உணவினர் மனத்தைப் புண்படுத்துகின்றது என்னும் முறைப்பாட்டின்மேற் குஜராத் உயர் நீதிமன்றம் அறிவித்தல் அனுப்பிற்று. நம் நாட்டிலோ போரும் குண்டுவெடிப்பும் கண்ட தலைநகரில், காவல் மிகுந்த இடங்களின் அருகே தொலைபேசியை உயர்த்தி நின்று சுழல்வது விவேகமன்று. மூன்றாவது, வாணிகம். ஜப்பானில் ஏறக்குறைய 3,000 மக்டொனால்ட்ஸ் உணவகங்களும், இந்தியாவில் ரிலையன்ஸ் ஜியோ நிறுவனத்தின் கடைகளும் ஆட்டத்தின் நிலையங்களாக்கப்பட்டன. நம் கால்களைக் கோயிலை நோக்கித் திருப்பவல்ல விசை, கடையை நோக்கியும் திருப்பவல்லதே.

படத்தை எழுதுவோர் யார்?

இவற்றினும் ஆழமான வினா ஒன்றுண்டு. இத்தரிப்பிடங்களைத் தெரிந்தவர் யார்? பெரும்பாலானவை இன்கிரெஸ் ஆடியோர் முன்மொழிந்தவை. ஆடுவோர் நெருங்கிய நகரில் அவை செறிந்தன; நாட்டுப்புறத்தில் அருகின. நகரினுள்ளும் ஏற்றத்தாழ்வு உண்டு. வாஷிங்டனில் 2016இல் நகர ஆய்வு நிறுவனம் ஒன்று எண்ணிப் பார்த்தபோது, வெள்ளையர் பெரும்பான்மையாக வாழும் பகுதிகளிற் சராசரியாக 55 இடங்களும், கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக வாழும் பகுதிகளில் 19 இடங்களும் இருந்தன. எழுதுவோர் இல்லாத ஊர் படத்தில் வெறுமையாகும்; படத்தில் வெறுமையான ஊர் காண்பதற்கு ஒன்றுமில்லாத ஊரென எண்ணப்படும்.

மற்றொன்றும் சிந்திக்கத்தக்கது. ஆடுவோர் கோடிக்கணக்கானோர், அவர்கள் ஊதியமின்றித் திரட்டியவை இடங்களின் பெயர்கள், படங்கள், வருணனைகள். அவர்களுட் பலர் அவ்விடங்களைச் சுற்றிவந்து ஒளிப்பதிவும் அளித்தனர். அத்தகைய பதிவுகளைக் கொண்டு உலகின் பருவடிவத்தைக் கணினிக்குக் கற்பிப்பதாக 2024 நவம்பரில் நயாண்டிக் அறிவித்தது. 2025இல் அதன் விளையாட்டுத் தொழிலின் பெரும்பகுதி ஸ்கோப்லி என்னும் கம்பனிக்கு 350 கோடி டொலருக்குக் கைமாறியது. நிலப்பட நுட்பம் தனி நிறுவனமாகப் பிரிந்தது. ஊரவர் சொன்ன செய்தி இவ்வாறு வேற்றார் உடைமையாயிற்று.

இதற்கு மாறான வழியும் உண்டு. 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் தொடங்கிய 'ஓப்பன் ஸ்ட்ரீட் மப்' என்பது எவரும் எழுதக்கூடிய, எவரும் எடுத்தாளக்கூடிய பொதுப்படம். போக்கிமொன் கோ ஆட்டமே 2017 டிசம்பரிலிருந்து இதன் தெருக்களைப் பயன்படுத்தத் தலைப்பட்டது. இதில் ஒருவன் தன் ஊர் ஒழுங்கையை எழுதினால், அது ஆட்டத்துக்கும் உதவும்; நோயாளியைத் தேடி வரும் வண்டிக்கும் வெள்ளக் காலத்து நிவாரணப் பணிக்கும் உதவும்; ஒருவர்க்கே உரிய உடைமையும் ஆகாது.

நமது கரைக்கு உரிய பணி

கொழும்பைக் காணக் கற்றவன் தன் கரையையும் காணல் வேண்டும். ஒல்லாந்தர் 1667இல் தொடங்கி 1676இல் முடித்த கற்பிட்டிக் கோட்டை, உடப்பிலே தீமிதிப்பு நிகழும் திரௌபதை அம்மன் கோயில், சிலாபத்தை அடுத்த முன்னேசுவரம், தலவில அன்னம்மாள் ஆலயம், புத்தளத்துப் பள்ளிவாசல்கள், உப்பளங்கள், ஒல்லாந்தர் வெட்டிய வாய்க்கால் ஆகிய இவை எவ்வூர்ப் படத்திலும் பெருமையுடன் நிற்கத்தக்கவை. இவையன்றி, பெயர்ப்பலகையில்லாத மடங்களும் துரவுகளும் இறங்குதுறைகளும் உள்ளன. அவற்றின் பெயரும் வரலாறும் முதியோர் நாவில் மட்டுமே வாழ்கின்றன. அம்முதியோர் மறையுந்தோறும் ஒவ்வொன்றாக மறைகின்றன.

ஆட்டத்தின் விதிப்படி பாடசாலை வளவினுள் எதனையும் தரிப்பிடமாக முன்மொழிய இயலாது. தனியார் வீடுகளும் விலக்கு. அது நல்ல விதியே. ஆதலின் மாணாக்கர் வளவைக் கடந்து ஊருக்குள் செல்லவேண்டும். இருவர் மூவராகப் புறப்பட்டு, முதலில் முதியோரைக் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதுக. அடுத்து அதனைத் தமிழிலும் பிறமொழியிலும் பொதுப்படத்தில் ஏற்றுக. அதன்பின் விரும்பின் விளையாட்டுக்கும் முன்மொழிக. இவ்வரிசை தவறாதிருப்பின் செய்தி ஊரிலே தங்கும். கம்பனி கைமாறினும் ஆட்டம் மறக்கப்படினும் அது அழியாது. ஆசிரியர்கள் இதனைப் புவியியற் பாடத்தின் செய்முறையாக்கலாம். பழைய மாணவர் தம் நினைவிலுள்ள இடப்பெயர்களை எழுதி உதவலாம்.

கைத்தொலைபேசி விளையாட்டுகள் தோன்றும், மறையும். நடந்து காண்பதும், கண்டதை எழுதுவதும், எழுதியதைப் பிறர்க்கு அளிப்பதும் மறையாத பயிற்சிகள். கொழும்புத் தெருவிலாயினும் கற்பிட்டி மணலிலாயினும் நம் இளைஞர் தலை நிமிர்ந்து நடந்து, தாம் நிற்கும் இடம் இன்னதெனப் பிறர்க்கு எடுத்துரைக்கும் ஆற்றல் பெறுவாராக.