முதல்ல இறங்கணும்... அப்புறம்தான் ஏறணும்!

மலைன்னா நாம என்ன பண்ணுவோம்? மூச்சு வாங்க ஏறுவோம். உச்சியில நின்னு விதவிதமா போட்டோ எடுப்போம். வரும்போது பாட்டுப் பாடிக்கிட்டே ஜாலியா இறங்கிடுவோம். ஆனா, இந்த மலையில எல்லாமே உல்டா பாஸ்! உச்சி வரைக்கும் கார் போகுது. அங்கே இறங்கி, பையை மாட்டிக்கிட்டு, எரிமலையோட வயித்துக்குள்ளே கீழே கீழேன்னு நடக்கணும். வாங்க, ஒரு ரவுண்ட் போயிட்டு வருவோம்.

ஊர், அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்துல இருக்கிற மவுயி தீவு. மலையின் பேரு ஹலேயாகலா. உயரம் 10,023 அடி, அதாவது 3,055 மீட்டர். மவுயி தீவின் முக்கால்வாசிக்கும் மேல இந்த ஒரே எரிமலைதான்! 1916-ல் ஹவாய் தேசியப் பூங்காவின் ஒரு பகுதியா இருந்த இது, 1961-ல் தனிப் பூங்கா ஆச்சு.

ஹலேயாகலான்னா 'சூரியனின் வீடு'ன்னு அர்த்தம். அதுக்கு சூப்பரா ஒரு கதை இருக்கு. அந்தக் காலத்துல சூரியன் அவசர அவசரமா வானத்தைக் கடந்து ஓடிடுமாம். மரப்பட்டையில செஞ்ச துணி காயறதுக்குள்ளே இருட்டிடுதேன்னு ஹீனாங்கிற அம்மாவுக்கு ஒரே கவலை. அவங்க மகன் மவுயி, இந்த மலை உச்சியில ஒளிஞ்சிருந்து, கயிறு வீசிச் சூரியனைப் பிடிச்சுட்டான். 'இனிமே மெதுவாப் போறேன்'னு சூரியன் சத்தியம் பண்ணின பிறகுதான் விட்டானாம்!

அந்தச் சூரியன் உதிக்கறதைப் பார்க்க இன்னிக்கும் விடியக்காலையில கூட்டம் அள்ளுது. அதனால, 2017 முதல் காலை 3 மணியிலேர்ந்து 7 மணிக்குள்ளே காரில் வர்றவங்க முன்கூட்டியே பதிவு செய்யணும்னு விதி வந்தது. ஆனா, நிறைய பேர் சூரியனைப் பார்த்த கையோட கிளம்பிடறாங்க. அவங்க மிஸ் பண்றது எதை தெரியுமா? அவங்க காலுக்குக் கீழே விரிஞ்சு கிடக்கிற ஓர் உலகத்தை!

செவ்வாய் கிரகமா இது?

உச்சியிலேர்ந்து எட்டிப் பார்த்தா, சுமார் 12 கிலோமீட்டர் நீளம், 4 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு மகா பள்ளம். அதுக்குள்ளே செவப்பு, காவி, கறுப்புன்னு கலர் கலரா கூம்புக் குன்றுகள். எல்லாரும் இதை 'எரிமலை வாய்'னுதான் கூப்பிடறாங்க. நிஜம் வேற. எரிமலை வெடிச்சு உண்டான பள்ளம் இல்லை இது. மழையும் ஓடைகளும் ரெண்டு பக்கமும் மலையை அரிச்சு அரிச்சு ரெண்டு பெரிய பள்ளத்தாக்குகளை உண்டாக்க, அதுங்க தலைப்பகுதியில ஒண்ணோட ஒண்ணு சேர்ந்துடுச்சு. அதுக்கப்புறம் கிளம்பின எரிமலைக் குழம்பும் சாம்பலும் தரையை நிரப்பி, அந்தக் குன்றுகளைக் குவிச்சு வெச்சது. கடைசியா வெடிச்சு சுமார் 400 முதல் 600 வருஷம் ஆகியிருக்கும்ங்கறாங்க விஞ்ஞானிகள். ஆக, தூங்கிட்டிருக்கு... சாகலை!

உள்ளே இறங்கற பிரபலமான பாதைக்கு 'ஸ்லைடிங் சாண்ட்ஸ்'னு பேரு. 'சறுக்கும் மணல்'னு அர்த்தம். 9,740 அடி உயரத்துல, பார்வையாளர் மையத்துக்குப் பக்கத்துலேர்ந்து கிளம்புது. நாலு மைல் தூரத்துல 2,500 அடி இறக்கம். கால் வழுக்க வழுக்க, சாம்பல் மண்ணுல 'சர்ர்ர்'னு இறங்கும்போது, 'இவ்வளவுதானா மச்சான்'னு தோணும். அங்கேதான் இருக்கு ஆப்பு! திரும்பி ஏறும்போது, காலை ஒரு அடி முன்னால வெச்சா மண்ணு அரை அடி பின்னால இழுக்கும். காத்துல ஆக்சிஜனும் கடல்மட்டத்துல இருக்கறதுல ஏறக்குறைய 70 சதவிகிதம்தான். இறங்க ஒரு மணி நேரம் ஆச்சுன்னா, ஏற ரெண்டு மணி நேரம்னு கணக்கு வெச்சுக்கணும். மத்த மலையில பாதியிலேயே முடியலைன்னா திரும்பி இறங்கிடலாம். இங்கே முடியலைன்னாலும் ஏறித்தானே ஆகணும்!

'எங்களுக்கு முழுசாக் கடக்கணும்'னு அடம்பிடிக்கிற பார்ட்டிகளுக்கு, சுமார் 11 மைல் ரூட் இருக்கு. ஸ்லைடிங் சாண்ட்ஸில் இறங்கி, பள்ளத்தோட தரையைக் குறுக்கே கடந்து, ஹலேமாவு பாதையில ஏறி வெளியே வரணும். செங்குத்தான பாறைச் சுவர்ல, வளைஞ்சு வளைஞ்சு போற பாதையில சுமார் 1,000 அடி ஏத்தம். பக்கவாட்டுல மேகம் சட்டுனு மேலே வந்து மூடிக்கும்.

உள்ளே நின்னு ஒரு நிமிஷம் பேச்சை நிறுத்திப் பாருங்க. காத்தும் அடங்கிட்டா, உங்க இதயம் துடிக்கறது உங்களுக்கே கேட்கும். அவ்வளவு அமைதி!

ஒரே ஒரு தடவை பூக்கும்

இந்த வறண்ட சாம்பல் மண்ணுல, வெள்ளியில செஞ்ச பந்து மாதிரி மின்னுற செடி ஒண்ணு இருக்கு. ஆங்கிலத்துல 'சில்வர்ஸ்வார்டு'. ஹவாய்க்காரங்க 'ஆஹினாஹினா'ன்னு சொல்றாங்க. இந்த வகை, உலகத்துல வேற எங்கேயும் கிடையாது. இந்த மலையில மட்டும்தான். 20 வருஷம், 50 வருஷம், சிலது 90 வருஷம் வரைக்கும்கூட சும்மா பந்தாவே உட்கார்ந்திருக்கும். திடீர்னு ஒரு கோடையில ஆளுயரத்துக்கு ஒரு தண்டு கிளம்பி, நூத்துக்கணக்குல பூ பூக்கும். விதையை உதிர்க்கும். அப்புறம் செத்துப்போகும். வாழ்க்கையில ஒரே ஒரு தடவைதான் பூ!

இதை நாம என்ன பண்ணினோம்? போன நூற்றாண்டின் ஆரம்பத்துல, 'நான் உச்சிக்குப் போயிட்டு வந்தேன்'னு நிரூபிக்க, வந்தவங்க எல்லாம் செடியை வேரோட பிடுங்கிட்டுப் போனாங்க. சிலர் அதை மலைச்சரிவுல உருட்டி விட்டு வேடிக்கை பார்த்தாங்க. மிச்சத்தை ஆடு, மாடு மேய்ஞ்சது. கிட்டத்தட்ட அழியற நிலைமை. பூங்கா நிர்வாகம் வேலி போட்டு, ஆடுகளை அப்புறப்படுத்தின பிறகுதான் செடிகள் பெருகிச்சு. 1990-களுக்குப் பிறகு, மழை குறைஞ்சு வெப்பம் கூடினதுல மறுபடியும் சரிவு.

இன்னிக்கு யாரும் பிடுங்கறதில்லை. ஆனா, 'பக்கத்துல நின்னு ஒரே ஒரு செல்ஃபி'ன்னு பாதையை விட்டு நாலு அடி வைப்போமே... பிரச்னையே அதுதான்! இந்தச் செடியோட வேர் ஆழமாப் போறதில்லை. மண்ணுக்கு மேலாப்புல படர்ந்திருக்கு. நம்ம கால் செடி மேல படவே வேணாம். பக்கத்துல மிதிச்சாலே வேர் நசுங்கிடும். அறுபது வருஷம் காத்திருந்த செடி, பூக்காமலேயே போயிடும்.

முதுகுல வந்த வாத்து

கெடுக்கறது மட்டும்தான் மனுஷன் வேலைன்னு நினைச்சுடாதீங்க. ஹவாயின் மாநிலப் பறவை 'நேநே'. வாத்து இனம். வேட்டையாலும், வெளியிலேர்ந்து வந்த கீரி, பூனைகளாலும் 1950-கள்ல காட்டுல மிஞ்சினது சுமார் 30. மவுயி தீவுல சுத்தமா இல்லை. கூண்டுல வளர்த்த குஞ்சுகளை 1962-ல் இங்கே விடறதுன்னு முடிவாச்சு. ஆனா, ரோடே இல்லாத இந்தப் பள்ளத்துக்குள்ளே யார் கொண்டுபோறது? பாய் ஸ்கவுட் பசங்க! முதுகுப்பையில பறவைகளை வெச்சுச் சுமந்துக்கிட்டே நடந்துபோய் விட்டாங்க. இப்போ மவுயியில நேநே மறுபடியும் பறக்குது. 2019-ல் அமெரிக்க அரசு அதை 'அழியும் ஆபத்துல இருக்கு'ங்கிற பட்டியலிலேர்ந்து, அதைவிட ஒரு படி பரவாயில்லைங்கிற பட்டியலுக்கு மாத்துச்சு.

அந்தப் பசங்களுக்கும் நம்ம வயசுதான் இருந்திருக்கும்!

கிளம்பறதுக்கு முன்னாடி...

* கடற்கரையில வெயில் கொளுத்தும். உச்சியில உறைபனியே விழலாம். ஸ்வெட்டர், மழைக்கோட்டு ரெண்டும் பையில இருக்கட்டும்.

* பாதையில குடிதண்ணி கிடைக்காது. கைவசம் நிறைய எடுத்துக்குங்க.

* தலைவலி, குமட்டல் வந்தா வீம்பு வேணாம். உயரம் ஒத்துக்கலைன்னு அர்த்தம். மலையை விட்டுக் கீழே போயிடுங்க.

* கடல்ல ஸ்கூபா டைவிங் பண்ணின அன்னிக்கே இந்த உச்சிக்கு ஏறாதீங்க. உடம்புக்கு ஆபத்து.

* கார் ஓட்டும்போது ரோட்டுல நேநே நடந்து போகும். வேகத்தைக் குறைங்க.

* ஒரு கல்லைக்கூட ஞாபகார்த்தமா எடுத்துட்டு வராதீங்க. முக்கியமா... பாதையை விட்டு இறங்காதீங்க. போட்டோவுக்கு ஜூம் இருக்கு பாஸ்!