பந்தயத் திடலுக்குப் போகும் வீட்டுக் கார்



இங்கிலாந்தில் இருக்கும் உங்கள் மகனோ மருமகனோ, "சனிக்கிழமை என் காரை பிராண்ட்ஸ் ஹாட்ச் பந்தயத் திடலில் ஓட்டப் போகிறேன்" என்று தொலைபேசியில் சொன்னால் பதறிவிடாதீர்கள். அது பந்தயமல்ல. 'டிராக் டே' என்பார்கள். கட்டணம் செலுத்தி, வேலைக்கும் கடைக்கும் ஓடும் அதே காரைத் திடலில் ஓட்டிப் பார்க்கும் நாள். நேரம் கணிப்பதில்லை, பரிசும் இல்லை. முன்னால் போகிறவர் இடம் தந்தால்தான் முந்தலாம்.

ஆனாலும் ஒரு கேள்வியை அவரிடம் அவசியம் கேளுங்கள். "பிரேக் ஒயிலை எப்போது மாற்றினாய்?"

ஏன் இதைக் கேட்க வேண்டும்? வேகம் இரட்டிப்பானால் பிரேக் தாங்க வேண்டிய சூடு நான்கு மடங்காகிறது. வீதியில் எப்போதாவது ஒருமுறைதான் பலமாகப் பிரேக் பிடிக்கிறோம். திடலிலோ ஒவ்வொரு சுற்றிலும் பல தடவை. பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் இயல்புடையது. 'டொட் 4' வகை ஒயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின் அந்த எல்லை 155 பாகை வரை இறங்கிவிடலாம். கொதித்தால் குழாயினுள் ஆவிக் குமிழிகள் உண்டாகும். ஒயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். ஆகவே மிதித்த பெடல் அடிவரை இறங்கும், கார் நிற்காது. பிராண்ட்ஸ் ஹாட்ச் திடலின் முதல் வளைவு வலப்புறம் திரும்பிச் சரேலெனப் பள்ளத்தில் இறங்குகிறது. அங்கே பெடல் இறங்கினால் என்னவாகும்?

நம் பிள்ளைகள் பலர் சத்தம் போடும் சைலன்சருக்குப் பணத்தைக் கொட்டுவார்கள். அதை விட்டுவிட்டு, புதிய பிரேக் ஒயிலும் தடிப்புக் குறையாத பிரேக் பேட்களும் வாங்கட்டும். (சத்தம் அளவுக்கு மீறினால் திடலுக்குள் விடவும் மாட்டார்கள்.) சில்லு நட்டுகளை உரிய அளவில் இறுக்க வேண்டும். சாரதியின் காலடி விரிப்பு, போத்தல் முதலிய உருளும் பொருட்கள் எதுவும் காரினுள் இருக்கக் கூடாது. சாதாரணக் காப்புறுதி பெரும்பாலும் திடலில் செல்லுபடியாகாது. அதையும் முன்கூட்டியே விசாரிக்கட்டும்.

அடுத்தது சாரதி. ஹெல்மட்டும் நீண்ட கைச் சட்டையும் வேண்டும். முந்திய இரவு நன்றாகத் தூங்க வேண்டும். காலையில் நடக்கும் விளக்கக் கூட்டத்தில் கொடிகளைப் பற்றிச் சொல்வதைக் கவனித்துக் கேட்க வேண்டும். மஞ்சள் என்றால் முன்னே ஆபத்து, வேகத்தைக் குறை, முந்தாதே. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தப்பட்டது, மெதுவாக உள்ளே திரும்பு. முதல் தடவை போகிறவர் கூலி கொடுத்தாவது ஒரு பயிற்றுநரைப் பக்கத்தில் அமர்த்திக்கொள்வது நல்லது. நேர்ப்பாதையிலேயே பிரேக் பிடித்து முடித்துவிட்டுத் திரும்புவது, காரின் மூக்கைப் பாராமல் போக வேண்டிய இடத்தைப் பார்ப்பது ஆகிய இரண்டும் வாயால் சொன்னால் இலகு. கைக்கு வர நேரமெடுக்கும். ஒரே மூச்சில் பதினைந்து நிமிடம் ஓட்டினால் போதும். உடல் களைக்குமுன் கவனம் களைத்துவிடும்.

கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டிப் பிரேக்கை ஆற விட வேண்டும். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக்கை இழுக்காமல் கியரில் விடுவதே முறை. சூட்டில் டயரின் காற்றழுத்தம் கூடுவதால் இடையில் கொஞ்சம் காற்றை இறக்குவார்கள். மாலையில் அதே காரில்தான் வீடு திரும்ப வேண்டும். ஆகவே டயர் ஆறியதும் இறக்கிய காற்றைத் திரும்ப அடித்து, நட்டுகளையும் ஒருமுறை பார்த்த பின்பே நெடுஞ்சாலையில் ஏற வேண்டும்.