தேவைக் குறிப்பு

வீடு கட்டப் புகுவோர் தமக்கு வேண்டுவன யாவை என்பதை முதற்கண் கொத்தனாரிடம் கூறுவர். முற்றத்தில் மழைநீர் தேங்கலாகாது. முதியோர் ஏறுதற்கேற்பப் படிகள் தாழ்ந்திருத்தல் வேண்டும். இவற்றை எழுதி வையாவிடினும் பெருங்கேடு இல்லை, வீட்டிலுள்ளோர் அறிவர். கணிப்பொறிக்கென எழுதப்படும் மென்பொருளோ பலர் கூடி ஆக்குவது. ஆக்கியோர் அகன்ற பின்னரும் பிறர் எடுத்தாள்வது. அதன் ஒவ்வோர் உறுப்பும் எத்தேவையை நிறைவேற்ற அமைந்தது என்பது எழுத்தில் இருத்தல் வேண்டும்.

1996 ஆம் ஆண்டு சூன் 4 ஆம் நாள், தென்னமெரிக்காவில் பிரெஞ்சு கயானாவிலுள்ள கூரூ தளத்திலிருந்து ஏரியான் 5 என்னும் ஐரோப்பிய இராக்கெட்டு முதன்முறையாக ஏவப்பட்டது. ஏறத்தாழ நாற்பதாம் வினாடியில் அது நெறி பிறழ்ந்து வெடித்துச் சிதறிற்று. அது சுமந்து சென்ற நான்கு செயற்கைக் கோள்களும் அழிந்தன. அவற்றின் பணியைச் செய்ய வேறு நான்கு கோள்கள் விண்ணேற 2000 ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது.

லியோன்ஸ் என்னும் கணித அறிஞர் தலைமையில் அமைந்த குழு காரணத்தை ஆராய்ந்தது. இராக்கெட்டின் நிலையை உணர்ந்து கூறும் கருவியின் மென்பொருள், முன்னைய ஏரியான் 4 இலிருந்து எடுக்கப்பட்டதாகும். ஏவுமுன் கருவியைச் சீர்செய்யும் பகுதி ஒன்று அதில் இருந்தது. ஏவுதல் இறுதி வினாடிகளில் தடைப்படின் மீண்டும் விரைவில் தொடங்கும் பொருட்டு, அப்பகுதி சற்று நேரம் தொடர்ந்து இயங்குமாறு பழைய இராக்கெட்டிற்கு வகுத்திருந்தனர். புதியதற்கு அத்தேவை இல்லை. ஆயினும் அப்பகுதி நீக்கப்படவில்லை. அன்றியும், புதிய இராக்கெட்டு தரைக்கு இணையான திசையில் முன்னதைவிட மிக விரைந்து செல்வது. ஆகவே கணக்கில் எழுந்த எண் பெரிதாயிற்று. அதற்கென ஒதுக்கிய 16 பிட் இடத்திலோ 32,767 வரையே அடங்கும். கருவி செயலற்றது. மாற்றுக் கருவியும் அதே மென்பொருளைக் கொண்டிருந்தமையால் அதுவும் அவ்வாறே ஓய்ந்தது. புதிய இராக்கெட்டின் பறக்கும் நெறி பற்றிய விவரம் அக்கருவியின் தேவைக் குறிப்பில் எழுதப்படவே இல்லை என்பதையும் குழு கண்டது. வியப்பு யாதெனில், அம்மென்பொருள் எழுதியபடியே பிழையின்றி இயங்கிற்று.

மென்பொருளை எழுதுமுன் அதன் உறுப்புகளைக் கட்டங்களாகவும் தொடர்புகளைக் கோடுகளாகவும் வரைந்து காண உதவும் கருவிகள் இன்று உள. 2007 ஆம் ஆண்டு வெளிவந்த சிஸ்எம்எல் என்னும் வரைமொழியில், உறுப்பைப் போலவே தேவையும் தனிக் கட்டம் பெறுகின்றது. அதனுள் ஓர் அடையாள எண்ணும் தேவையைக் கூறும் தொடரும் இருக்கும். ‘விரைந்து விடை தருக’ என்று எழுதுவது பயனற்றது. அவ்விரைவை எவ்வாறு அளப்பது? ‘இரண்டு வினாடிக்குள் விடை தருக’ என்பதையே சோதித்தறிய இயலும். தேவையை நிறைவேற்றும் உறுப்பிலிருந்து ஒரு கோடும், அதனைச் சரிபார்க்கும் சோதனையிலிருந்து மற்றொரு கோடும் தேவையை நோக்கி வரையப்படும். தேவை மாறுமாயின் அக்கோடுகளின் வழியே சென்று திருத்த வேண்டியவற்றைக் காணலாம். கோடு வரைவது மனிதர் பணியே. கருவி தானாக அதனை அறியாது.

ஏரியான் 5 இற்கு இத்தகைய படம் வரைவோமாயின், சீர்செய்யும் பகுதியை நீட்டித்து இயக்குவதற்குரிய கோடு பழைய இராக்கெட்டின் தேவையிற்சென்று முடியும். புதியதன் தேவைகளுள் அதற்கு நிகரானது ஒன்றும் இராது.