அரை பிளேடின் அறிவியல்

உத்திரமேரூர் பக்கத்துச் சலூன்களில் இதைப் பார்த்திருப்பீர்கள். கடைக்காரர் புது பிளேடை எடுக்கிறார். தாளைப் பிரிக்காமல், தாளோடு சேர்த்தே நீளவாக்கில் மடக்குகிறார். ‘டக்’கென்று பிளேடு சரிபாதியாக உடைகிறது. ஒரு பாதி சவரக்கத்திக்குள் செருகப்படுகிறது. மறு பாதி அடுத்தவருக்குக் காத்திருக்கிறது.

சாதாரணத் தகரம் மடக்கினால் வளையும். பிளேடு ஏன் உடைகிறது? அதன் எஃகு அவ்வளவு கடினமானது. இரும்போடு சுமார் 13 சதவீதம் குரோமியமும், 0.6 முதல் 0.7 சதவீதம் வரை கார்பனும் சேர்ந்த துருப்பிடிக்காத எஃகு அது. பட்டையாக உருட்டிய எஃகை 1,000 டிகிரி செல்சியசுக்கு மேல் காய்ச்சி, சட்டென்று குளிர்வித்து, பிறகு பூஜ்ஜியத்துக்கும் கீழே கொண்டுபோகிறார்கள். அப்போது உள்ளிருக்கும் படிகங்கள் ‘மார்ட்டன்சைட்’ என்ற இறுகிய அமைப்புக்கு மாறுகின்றன. கடினம் கூடக் கூட வளையும் குணம் குறைகிறது. அதனால்தான் அந்த ‘டக்’.

அமெரிக்கர் கிங் கேம்ப் ஜில்லெட்டும் பொறியாளர் வில்லியம் நிக்கர்சனும் இந்த மெல்லிய பிளேடை உருவாக்கி, 1903-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். முதல் ஆண்டில் விற்றவை 51 ரேசர்கள், 168 பிளேடுகள் மட்டுமே. வாரில் தீட்டித் தீட்டி ஆயுள் முழுக்க வைத்துக்கொண்ட சவரக்கத்தியின் இடத்தில், தேய்ந்ததும் தூக்கியெறியும் கத்தியை வைத்ததுதான் அவர்கள் செய்த பெரிய மாற்றம். இன்றைய இரட்டை முனை பிளேடு 22 மில்லிமீட்டர் அகலம், 43 மில்லிமீட்டர் நீளம், 0.1 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. எந்தக் கம்பெனியின் இரட்டை முனை பிளேடும் அந்த வகை ரேசர்களில் பொருந்தும்.

பாரத், பனாமா, டோபாஸ், செவன் ஓ கிளாக் என்று நம் பெட்டிக்கடைகளில் பழகிய பெயர்கள் பல. பழைய பிளேடுகளை ஒப்பிடும்போது முதலில் பார்க்க வேண்டியது, அது கார்பன் எஃகா, ஸ்டெயின்லெஸ் எஃகா என்பதை. கார்பன் எஃகு அருமையாகக் கூர் ஏறும்; ஆனால் ஈரம் பட்டால் துருவேறும். ஒரு சவரத்துக்குப் பிறகு நன்றாகத் துடைத்து உலர்த்தாவிட்டால் முனை அரித்துப்போகும். நம் தாத்தாக்கள் மழுங்கிய பிளேடைக் கண்ணாடி டம்ளரின் உட்புறத்தில் தேய்த்து இன்னும் இரண்டு நாள் ஓட்டியது இந்தக் கார்பன் எஃகு பிளேடுகளின் காலத்தில்தான். 1960-களின் தொடக்கத்தில் பிரிட்டனின் வில்கின்சன் சோர்ட் கொண்டுவந்த ஸ்டெயின்லெஸ் பிளேடு அந்தத் தொல்லையைத் தீர்த்தது. ஒரே பிளேடில் பல நாள் சவரம் செய்ய முடிந்தது.

இரண்டாவது, மேற்பூச்சு. தீட்டிய முனைமீது குரோமியம், பிளாட்டினம் போன்ற உலோகங்களை மெல்லிய படலமாகப் படிய வைக்கிறார்கள். அதற்கு மேல் டெஃப்லான் வகைப் பூச்சு. ஒட்டாத தோசைக்கல்லில் இருப்பதும் இதே குடும்பப் பொருள்தான். பூச்சில்லாத முனை எவ்வளவு கூராக இருந்தாலும் முடியைப் பிடித்து இழுக்கும். முதல் நாளைவிட இரண்டாம் நாள் சவரம் இதமாக இருக்கிறது என்று பலர் சொல்வதுண்டு. முனையில் கூடுதலாக இருந்த பூச்சு முதல் சவரத்தில் விலகிவிடுவதே அதற்குக் காரணம்.

எஃகைவிட மனித முடி சுமார் 50 மடங்கு மென்மையானது. பிறகு பிளேடு எப்படி மழுங்குகிறது? 2020-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் மின்னணு நுண்ணோக்கியின் கீழ் சவரத்தைப் படம்பிடித்து, ‘சயன்ஸ்’ இதழில் விடை சொன்னார்கள். முனை சீராகத் தேய்வதில்லை; சில்லுச் சில்லாகப் பெயர்கிறது. முடி வளைந்துகொடுத்துப் பிளேடைச் சாய்வாகச் சந்திக்கும்போது, எஃகின் அமைப்பு சீராக இல்லாத இடத்தில் நுண்ணிய சில்லு தெறிக்கிறது. ஒரு பிளேடு ஒரு வாரம் தாங்குவதும் இன்னொன்று மூன்றே நாளில் இழுக்கத் தொடங்குவதும் எஃகு எவ்வளவு சீராகப் பதப்படுத்தப்பட்டிருக்கிறது என்பதையும் பொறுத்தது.

உங்களிடம் இரண்டு வகை பிளேடு இருந்தால் நீங்களே ஒப்பிடலாம். முகத்தை வெந்நீரில் நன்றாக நனையுங்கள்; நீர் குடித்த முடியை வெட்டக் குறைந்த விசையே போதும். ஒரே சோப்பு, ஒரே ரேசர். இடக் கன்னத்துக்கு ஒரு பிளேடு, வலக் கன்னத்துக்கு இன்னொன்று. அடுத்த முறை பக்கத்தை மாற்றுங்கள். மூன்றைக் கவனியுங்கள்: முடி இழுபடுகிறதா, படிகாரக் கல்லைத் தேய்த்தால் எந்தப் பக்கம் அதிகம் எரிகிறது, மாலையில் தடவினால் எந்தப் பக்கம் சொரசொரக்கிறது. உறையின் மேல் இருக்கும் பெயரைவிட உங்கள் தோல் சொல்வதே சரியான தீர்ப்பு. ஒருவருக்கு உகந்த பிளேடு இன்னொருவருக்கு எரியலாம். பழைய பெட்டியிலிருந்து எடுத்த பிளேடில் துருப்புள்ளி ஒன்று தெரிந்தாலும் அதை முகத்தில் வைக்கவே கூடாது.

சலூனில் அரை பிளேடு வழக்கமானதற்கு வேறொரு வரலாறும் உண்டு. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், நம் சென்னையில்தான். டாக்டர் சுனிதி சாலமன் தலைமையில் நடந்த ஆய்வு அது. அதற்குப் பிறகு பரவிய விழிப்புணர்வு, ஆளுக்கொரு புது பிளேடு என்ற நல்ல பழக்கத்தைச் சலூன்களில் வேரூன்றச் செய்தது. ரத்தத்தின் வழியே பரவும் மஞ்சள் காமாலை வகைகளான ஹெபடைட்டிஸ் பி, சி ஆகியவற்றையும் இந்தப் பழக்கம் தடுக்கிறது. கத்தி பழையதாக இருக்கலாம். பிளேடு புதிதாக இருக்க வேண்டும். சில ரூபாயில் கிடைக்கும் இந்தப் பாதுகாப்பைக் கேட்டுப் பெற யாரும் தயங்க வேண்டாம்.

ஒரு வேண்டுகோள். பிளாஸ்டிக் கைப்பிடியோடு எறியப்படும் ரேசர்களைவிட, முழுக்க எஃகாலான இந்தப் பிளேடு மறுசுழற்சிக்கு ஏற்றது. ஆனால் குப்பையில் வெறுமனே விழுந்தால், துப்புரவுப் பணியாளரின் கையையும் குப்பை மேயும் மாட்டின் வாயையும் கிழிக்கும். மூடியுள்ள பழைய தகர டப்பா ஒன்றில் சிறு பிளவு வெட்டி, பயன்படுத்திய பிளேடுகளை அதில் போட்டு வையுங்கள். நிறைந்ததும் வாயை அடைத்து, உள்ளே பிளேடு இருப்பதைச் சொல்லித் துப்புரவுப் பணியாளரிடம் தனியாகக் கொடுங்கள்.