வரைபடத்தில் இருக்கிறது மைதானம்

பள்ளி விட்டு வந்த பிள்ளை ஒரு வாய் பலகாரம் தின்றுவிட்டு டியூஷனுக்கு ஓடுகிறது. இருட்டிய பிறகு திரும்பினால் வீட்டுப்பாடம், அப்புறம் கைப்பேசி. 5 முதல் 17 வயதுவரை உள்ளவர்கள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல். அந்த ஒரு மணி நேரம் இல்லாமல் போனால் உடல் எடை ஏறும். பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் பதின்வயதிலேயே எட்டிப்பார்க்கும். பகல் வெளிச்சத்தில் விளையாடாத பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பும் அதிகம்.

“விளையாட விட இடம் எங்கே சார் இருக்கு?” என்று பெற்றோர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பல ஊர்களில் இடம் இருக்கிறது, காகிதத்தில். தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால், சாலை போக மீதியில் 10 விழுக்காட்டைப் பொதுத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். அனுமதி வரைபடத்தில் ‘பூங்கா’ என்று குறித்த அந்த இடத்தில் நேரில் போய்ப் பார்த்தால் சீமைக்கருவேலம் மண்டியிருக்கும். ஒரு மூலையில் யாரோ ஜல்லி கொட்டி வைத்திருப்பார்கள்.

அது நம் பிள்ளைகளின் சொத்து. விளையாடும் உரிமையைச் சொல்லும் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 1992இல் ஏற்றது. பெங்களூருவில் பூங்காவுக்கு ஒதுக்கிய நிலத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று 1991இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

முதலில் வரைபடத்தைக் கையில் வாங்குங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் நகராட்சிக்கோ ஊராட்சிக்கோ மனுப் போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். ஆக்கிரமிப்பு இருந்தால் தெருவார் சேர்ந்து கையெழுத்திட்டு, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள். சிற்றூர் என்றால் கிராம சபையில் தீர்மானமாகவே கொண்டுவரலாம். மனு கொடுத்ததற்கு ரசீது வாங்க மறக்க வேண்டாம்.

இன்னொன்று நம் கையிலேயே இருக்கிறது. வயதுக்கு வந்ததும் பெண் பிள்ளையின் விளையாட்டை நிறுத்திவிடும் வீடுகள் இன்றும் ஏராளம். எலும்பு உறுதிப்படும் வயதே அதுதான். தம்பி பந்தோடு இறங்கும்போது அக்காவையும் அனுப்புங்கள்.